கிரில்லில் முளைத்த புருவம்

போன ஐப்பசியில் ஒரு மாலை, மழை விட்ட நேரம், நண்பரின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலை தாண்டியதும் ஏசிக் காற்றில் குளிர்ச்சி போய்விட்டது. வெப்பமானி முள் அசையாமல் இருந்தது. ஏசி மட்டும் சோர்ந்தது. மேலே நிறுத்தி முன்பக்கம் போய்ப் பார்த்தோம். ஒரு மாதத்துக்கு முன் மாட்டிய புதுக் கிரில்லுக்குப் பின்னால் நெருக்கிப் பின்னிய கம்பி வலை இருந்தது. வலை முழுக்க ஈசல் இறக்கை. விரலால் வழித்தால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

கிரில் மாற்றும் பழக்கத்தை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதை வெறும் பகட்டு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பல வருடச் சேமிப்பைப் போட்டு ஒருவர் வண்டி வாங்குகிறார். தெருவில் அதே நிறத்தில் இன்னொன்று நிற்கிறது. தன் வண்டி தன்னுடையதாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? மற்ற மாற்றங்களோடு பார்த்தால் கிரில் சாதுவானது. வண்டியை உயர்த்தினால் எடை மையம் மாறுகிறது, பெரிய டயர் போட்டால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடுகிறது. கிரில்லோ சில ஸ்க்ரூ, சில கிளிப். பிடிக்காவிட்டால் கழற்றிப் பழையதையே மாட்டிக்கொள்ளலாம். பாடியில் வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை.

வரலாறும் மாற்றுபவர் பக்கம்தான். இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி ஜீப்பின் தொடக்க வண்டிகளில் கிரில் என்பது இரும்புப் பட்டைகளை வரிசையாக வைத்து வெல்டிங் செய்த சட்டம். அதே ஜீப்பைச் செய்ய ஒப்பந்தம் பெற்ற ஃபோர்டு, ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது செங்குத்துப் பிளவுகளோடு புதுக் கிரில் செய்தது. எடை குறைந்தது, செலவும் குறைந்தது. வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. ஹெட்லைட்டுகள் அந்தக் கிரில்லின் பின்னே உள்ளடங்கி இருந்தன. அவற்றைத் திருப்பி வைத்தால் இருட்டில் இன்ஜினுக்கே வெளிச்சம் காட்டும். 1945-ல் பொதுமக்களுக்கென்று வந்த சிஜே-2ஏ வண்டியில் ஹெட்லைட் பெரிதாகி முன்னுக்கு வந்தது. ஒன்பது பிளவுகளுக்கு இடம் போதவில்லை, ஏழாயின. இன்று ஜீப்பின் முத்திரை என்று போற்றப்படும் ஏழு பிளவுக்குப் பின்னால் விளக்குக்கு இடம்விட்ட கதைதான் இருக்கிறது. 2018 மாடல் ஜீப் ராங்லரில் கிரில்லின் மேல்பகுதியைச் சற்றே பின்னுக்குச் சாய்த்ததும் காற்றைக் கிழித்துப் போவதற்காக.

ஆக, கிரில் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு வேலை அதை மாற்றியது. இன்று கடையில் தொங்கும் கிரில்களில் பலவற்றிடம் அந்த வேலையைக் காணோம் என்பதே என் குறை.

அந்தக் கம்பி வலையையே எடுத்துக்கொள்வோம். பூச்சியும் கல்லும் ரேடியேட்டரில் படாமல் தடுக்கும் என்று விற்கிறார்கள், உண்மையும்கூட. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மி.மீ. தடிமன் கம்பி, நடுவுக்கு நடு 10 மி.மீ. இடைவெளி என்றால் பரப்பில் நூற்றுக்கு 81 பங்கு திறந்திருக்கும். இடைவெளி 5 மி.மீ. ஆனால் 64. மூன்று மி.மீ. ஆனால் வெறும் 44. இது சுத்தமான வலைக்கு; ஈசலும் சேறும் ஒட்டியதற்கு அல்ல. நெடுஞ்சாலையில் வண்டியின் வேகமே காற்றை உள்ளே தள்ளிவிடும், குறை தெரியாது. மலையில் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து ஏறும்போது ஃபேன் மட்டுமே காற்றை இழுக்க வேண்டும், அதே நேரம் இன்ஜின் கக்கும் சூடும் அதிகம். ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டன்சர் நிற்பதால்தான் எங்கள் பயணத்தில் ஏசி முதலில் முறையிட்டது. ஆஃப் ரோடுக்கென்று வாங்கிய கிரில் ஆஃப் ரோடில்தான் கைவிடுகிறது. பாதுகாப்பு வேண்டுமென்றால் அகலக் கண்ணி வலையைக் கழற்றிக் கழுவும்படி பொருத்தலாம். இதை எந்தப் பட்டறையும் செய்து தரும், கேட்பவர்தான் குறைவு.

இதைவிட என்னை உறுத்துவது ‘ஆங்ரி பேர்ட் கிரில்’. வட்ட ஹெட்லைட்டின் மேல்பகுதியைச் சாய்வான பட்டை ஒன்று மறைத்து, வண்டிக்குக் கோபப் புருவம் வரைந்துவிடுகிறது. பார்க்க மிடுக்காக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எச்-4 வகை ஹாலஜன் பல்பின் உள்ளே என்ன நடக்கிறது? பல்புக்குள் இரண்டு இழைகள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அது கீழே போகும் ஒளியைத் தடுத்துவிடுவதால், டிம் வெளிச்சம் முழுவதும் பிரதிபலிப்பானின் மேல்பாதியில் பட்டுத்தான் சாலைக்கு இறங்குகிறது. அந்த மேல்பாதிக்கு எதிரேதான் புருவம் வந்து உட்காருகிறது. பிரைட்டுக்கு முழு வட்டமும் உழைப்பதால் அதில் இழப்பு கொஞ்சம்தான். வாங்கியவர் பிரைட் போட்டுப் பார்த்துத் திருப்தி அடைகிறார். பிறகு டிம் போதாமல் எப்போதும் பிரைட்டிலேயே ஓட்டுகிறார். கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கிவரும் ஜீப் டிரைவரின் கண் அதற்கு விலை கொடுக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டியாக அது இருக்கலாம். புருவம் வைத்தே தீர வேண்டுமென்றால் கண்ணாடி வட்டத்துக்கு வெளியே நிற்கட்டும்.

வேலை எப்படி அலங்காரமாகிறது என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் உண்டு. அங்கே 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள வண்டிக்கு அகலம் காட்டும் விளக்குகள் கட்டாயம். 2010 மாடல் ஃபோர்டு ராப்டர் அந்த அகலத்தைத் தாண்டியதால் அதன் கிரில்லில் மூன்று மஞ்சள் விளக்குகள் வந்தன. இன்று அந்த அகலம் இல்லாத டொயோட்டா டகோமாக்களிலும் அதே மூன்று விளக்குகளை வாங்கி மாட்டுகிறார்கள். இதனால் பெரிய கேடு இல்லை, காற்றையும் மறைப்பதில்லை. ஆனால் ‘நான் அகலமானவன், ஒதுங்கு’ என்ற எச்சரிக்கை எல்லா முகத்திலும் ஏறிவிட்டால், உண்மையிலேயே அகலமான வண்டிக்கு அந்தச் சொல் மிஞ்சாது.

மஹிந்திரா தாரில் ராங்லர் முகத்தை ஒட்டவைப்பவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. மஹிந்திரா 1947-லேயே வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியது. அந்தச் சாயல் அதற்கு இரவல் அல்ல, வழிவழி வந்தது. அப்படியிருந்தும் அமெரிக்காவில் அதன் ராக்சர் வண்டி ஜீப்பின் தோற்றத்தைப் பறிக்கிறது என்று 2020 ஜூனில் அங்குள்ள சர்வதேச வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்தது. முகம் மாற்றிய பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் புதிய வடிவத்துக்குத் தடை நீங்கியது. தனக்கென்று ஒரு முகம் தேட ஒரு நிறுவனம் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது. தாரின் வம்சத்தை அறிந்து கிரில் வடிப்பவர்கள் நம்மிடம் உருவாக வேண்டும் என்பது என் ஆசை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் தந்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கிரில் ஆர்சியில் ஏறும் விவரம் அல்ல. ஆனால் கிரில்லுக்கு முன்னால் இரும்புக் குழாய்க் காவல் கட்டுவது வேறு கதை. அதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர்மேல் மோதினால் பிளாஸ்டிக் நொறுங்கிக் கொடுக்கும், இரும்புக் குழாய் கொடுக்காது.

நண்பர் ஊர் திரும்பியதும் வலையைக் கழற்றிவிட்டார். அதே கிரில்லில் இருந்த கோபப் புருவத்தை மட்டும் விட மனம் வரவில்லை. ஒரு ராத்திரி பட்டறைச் சுவருக்கு எட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் போட்டு, சுவரில் விழுந்த வெளிச்சத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்தோம். பிறகு கிரில்லைக் கழற்றி மறுபடியும் வரைந்தோம். இரண்டு கோட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் ஹேக்ஸா பிளேடு எடுத்து வந்தார்.