ரயிலுக்குப் பின்னால் ஒரு வானம்

பொம்மை ரயில் என்றதும் குழந்தைகளின் சாமான் என்று ஒதுக்கிவிடுகிறோம். மேல்நாட்டில் அது வயது வந்தவர்களின் தீவிரமான பொழுதுபோக்கு. அறை நிறைய மேஜை போட்டு, அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், குன்று, ஆறு எல்லாவற்றையும் அளவு பிசகாமல் செய்துவைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால், சுவரோரமாக, வானமும் தூரத்து மலைகளும் தீட்டிய ஒரு படுதா நிற்கும். நான் எழுத உத்தேசித்திருப்பது அந்தப் படுதாவைப் பற்றித்தான். கதைக்குப் பின்னணி எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதில் ஓர் அக்கறை இருப்பது இயற்கை.

முதலில் கொஞ்சம் கணக்கு. இந்த ரயில்களில் பெருவழக்கான அளவு, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு மைல் என்பது 60 அடிக்குச் சற்று மேல். பத்து மைலுக்கு அப்பாலுள்ள மலையைக் காட்ட 600 அடி நீள அறை வேண்டும். இருப்பதோ தண்டவாளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குள் பத்து மைலை நம்பவைக்க வேண்டும்.

அதற்குச் சில விதிகள் உண்டு. வானம் உச்சியில் நல்ல நீலமாகவும், கீழே இறங்க இறங்க வெளுத்தும் இருக்க வேண்டும். அடிவானத்தைப் பார்க்கும்போது நம் பார்வை அதிகக் காற்றைக் கடந்து போகிறது. நிஜ வானமும் அதனால்தான் அங்கே வெளுக்கிறது. மலைகளும் தூரத்துக்குத் தக்கபடி நீலம் பாரித்து மங்க வேண்டும். அறையின் மூலைகளில் பலகையை வளைத்துக்கொள்ள வேண்டும். வானத்துக்கு மூலை கிடையாது. வர்ணம் பளபளக்கக் கூடாது. எஞ்சினின் நிழல் மட்டும் மேகத்தின்மேல் விழுந்துவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

இவை சித்திரம் பயின்ற எவரும் சொல்லக்கூடியவை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. படுதாவில் ஒரு சாலையை, கிட்டத்தில் அகன்று தூரத்தில் குறுகிப்போகும்படி, வெகு நேர்த்தியாகத் தீட்டலாம். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது பிரமாதமாக இருக்கும். ஆனால் பார்ப்பவன் நிற்பதில்லை. ரயிலோடு கூடவே நடக்கிறான். அவன் நாலடி நகர்ந்ததும் மேஜைமேல் உள்ள மரமும் வீடும் ஒன்றையொன்று கடந்து இடம் மாறுகின்றன. தீட்டிய சாலை மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. பறக்கும் பட்சியைத் தீட்டினாலும் இதே கதிதான். பத்து நிமிஷமாக அது ஒரே இடத்தில் பறந்துகொண்டிருக்கும். ஆகவே நல்ல கைகாரன், வரையத் தெரிந்தும் வரையாமல் விடுகிறான்.

நம் பழைய நாடகக் கொட்டகை சீன்களுக்கு இந்த அடக்கம் தேவைப்படவில்லை. அரண்மனை சீன் அவிழ்ந்து இறங்கும்போதே கைதட்டல் விழும். ரயிலுக்குப் பின்னால் நிற்கும் வானம் கைதட்டல் வாங்கினால் அது தோற்றுவிட்டது என்று பொருள். இன்று கடையில் புகைப்படமாகவே அச்சிட்ட படுதா கிடைக்கிறது. இலைக்கு இலை துல்லியம். ஆனால் படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து அடிக்கிறது. அறை விளக்கோ உச்சியில் எரிகிறது. துல்லியமே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது, மேஜையின் மண் முடிந்து படுதாவின் வர்ணம் தொடங்கும் கோடு. அதை ஒரு வேலியாலோ, தாழ்ந்த மேட்டினாலோ மறைப்பார்கள். மறைத்தால் மட்டும் போதாது. மேஜைமேல் தூவிய மண்ணின் நிறமே படுதாவிலும் கொஞ்ச தூரம் ஏறியிருக்க வேண்டும்.

நம் நாவல்களில் பெரும்பாலானவை விழுவது இந்தக் கோட்டில்தான் என்பது என் அபிப்பிராயம். காவிரிக் கரையை நாலு பக்கம் வர்ணிக்கிறோம். ஐந்தாம் பக்கத்தில் கதாநாயகன் வருகிறான். அவன் வேட்டியில் அந்த ஆற்றின் ஈரம் ஒரு சொட்டு இல்லை. வர்ணனை அழகாக இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது அச்சடித்த படுதாவின் அழகு.

இந்தக் கலையில் எனக்குப் பிடித்தவர் ஜான் ஆலன் என்ற அமெரிக்கர். புகைப்படக்காரர். கலிபோர்னியாவில் மான்டரே நகரில், தம் வீட்டின் அடித்தளத்தில், ஒரு கற்பனை ரயில்வேயை ஆண்டுக்கணக்கில் கட்டினார். அதற்கு அவர் இட்ட பெயரை வாய்விட்டுச் சொன்னால் ‘ரத்தக்களரியாகத் தோற்றது’ என்று காதில் விழும். தரையிலிருந்து கூரைவரை மலைகள். இடம் போதாத மூலைகளில் கண்ணாடி பதித்து ஊரை இரட்டிப்பாக்கினார். அவர் பள்ளத்தாக்குகளில் நாடகத்தனம் கொஞ்சம் அதிகம். எந்தக் கம்பெனியும் அங்கே தண்டவாளம் போடத் துணியாது. ஆனாலும் படங்களில் அந்த ரயில் குகைக்குள் நுழையும்போது, மலைக்கு அந்தப்புறம் ஓர் ஊர் இருக்கிறது என்று மனசு ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலை வாங்கித் தருவது எஞ்சின் அல்ல. பின்னால் அடங்கி நிற்கும் வெளிறிய தூரம்.

1973 ஜனவரியில் ஆலன் இறந்தார். சில நாட்களுக்குள் அந்த வீட்டில் தீப்பிடித்து ரயில்வே கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. இங்கிலாந்தில் ஜான் ஏஹெர்ன் கட்டிய ‘மேடர் வேலி’ அதிர்ஷ்டசாலி; நிலத்தை ரயிலுக்கு ஒட்டவைக்காமல், நிலத்துக்குள் ரயிலை ஓடவிட்ட முன்னோடிப் படைப்பு அது. ஆக்ஸ்போர்ட்ஷயரில், 1954-இல் தொடங்கிய பெண்டன் மியூசியத்துக்கு வந்து சேர்ந்து பிழைத்துவிட்டது. ஆலனுடையதில் நமக்கு மிஞ்சியவை பெரும்பாலும் அவர் எடுத்த புகைப்படங்களே. அவற்றில் கையால் செய்த மலையும் தீட்டிய மலையும் ஒரே காகிதத்தில் படிந்து கிடக்கின்றன. மண் எங்கே முடிகிறது, வர்ணம் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பார்த்தேன். சில படங்களில் அகப்பட்டது. பலவற்றில் அகப்படவில்லை.