பொன்னில் எழுந்தருளிய தெய்வங்கள்

தமிழ்நாட்டு ஆபரணங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகள் சிலவற்றில் தெய்வம் திருமேனி தாங்கி வருவதில்லை, ஆயுதமாகவே வருகிறது. குழந்தையைத் தீங்கு அணுகாதிருக்கும் பொருட்டு, திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்தையும் சிறு பொன்னுருக்களாகச் செய்து கோத்து மார்பில் அணிவித்த ஐம்படைத்தாலியை மணிமேகலை அறியும். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் போர்க்களம் புகுந்த இளமையைப் பாடிய புறநானூற்றுப் புலவரும், அவன் தாலி இன்னும் களையப்படவில்லை என்று அதிசயிக்கிறார். அணி என்பது அழகுக்கு முன் காவலாக இருந்தது என்பதையும், அந்தக் காவலுக்குத் தெய்வத்தின் ஓர் அடையாளமே போதுமானதாக இருந்தது என்பதையும் நாம் மனத்தில் கொண்டால்தான், பின்னால் வந்த ஆபரணங்களின் போக்கு விளங்கும்.

சோழர் காலத்தில் இந்த உறவு மறுபுறமும் திரும்பியது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் தேவிமாரும் அளித்த நகைகள், முத்துக்களின் எண்ணிக்கையும் மணிகளின் குற்றமும் கூட மறைக்கப்படாமல், கழஞ்சு, மஞ்சாடி என்னும் கணக்கோடு கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்றும், மணிகளோடு கூடிய அணிகளை நிறுத்த கல்லுக்கு 'தக்ஷிணமேரு விடங்கன்' என்றும் இறைவனின் திருநாமங்களே வழங்கின. எடைக்கல்லுக்கே ஆண்டவன் பெயரிட்ட சமுதாயத்தில், தட்டாரின் பட்டறைக்கும் கோயிலின் கருவறைக்கும் இடையே தூரம் மிகவும் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். தேவிக்குப் பூட்டிய வடிவத்தையே மணப்பெண்ணும் நடனமாதும் பூண்டார்கள்; பரதநாட்டிய மேடையில் இன்று நாம் காணும் கெம்புக் கல் நகைகள் அந்த வழியில் வந்தவையே.

அந்த நகைகளை உச்சியிலிருந்து இறங்கி வரும் வரிசையில் பார்ப்பது நன்று. வகிட்டின் ஒருபுறம் சூரியப் பிரபையும் மறுபுறம் சந்திரப் பிரபையும் அமைய, காலத்தை அளக்கும் இரு சுடர்களும் பெண்ணின் சிரசில் இடம் பெறுகின்றன. பின்னலின் மேல் ராக்கொடியும், அதன் கீழ்ப் பல தலை விரித்த ஜடைநாகமும் குஞ்சலம் வரையில் நெளிந்து இறங்குகின்றன; நாகம் நாகமாகவும் இருக்கிறது, பின்னலாகவும் இருக்கிறது, இரண்டில் எது எதைப் பின்பற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த ஒருமைப்பாட்டைத்தான் நான் நமது ஆபரணக் கலையின் சிகரமாக மதிக்கிறேன். மேல்கையைத் தழுவும் வங்கியிலும் வளைந்த நாகத்தின் சாயலே. இடுப்பில் ஒட்டியாணத்தின் நடுவே யானைகள் இருபுறமும் நீராட்ட கஜலட்சுமி வீற்றிருக்கிறாள். அங்கே பொன்னின் பயணமும் முடிந்துவிடுகிறது. பொன் திருமகளின் சொரூபம் ஆகையால் அதைக் காலில் அணிவதில்லை. கொலுசும் மெட்டியும் வெள்ளிக்கு உரியவை.

மங்கலநாணில் குலத்துக்குக் குலம் வேறுபட்ட வடிவங்கள் உண்டு. அவற்றுள் செட்டிநாட்டு நகரத்தாரின் கழுத்திரு தனித்துப் பேசத்தக்கது. மஞ்சள் தோய்த்த நூலில் பல உருக்களைக் கோத்த அந்தப் பெரிய அணியின் நடுவில் லட்சுமியோ, ரிஷபத்தின் மேல் உமையோடு அமர்ந்த சிவபெருமானோ இடம் பெறுவர். அதே குலத்து ஆடவர் உருத்திராக்கத்தைப் பொன்னில் கட்டி அணியும் கௌரிசங்கரமும் பதக்கத்தில் அம்மையப்பரைத் தாங்கியது; ஆபரணமா, பூஜைக்குரிய பொருளா என்று கேட்டால் இரண்டும் என்றே விடை வரும்.

இத்தகைய உருவங்களைப் படைக்கும் நகாசு வேலை மிகுந்த பொறுமையைக் கோருவது. மெல்லிய பொன் தகட்டை அரக்கின் மேல் படிய வைத்து, பின்புறமிருந்து புடைக்கச் செய்து, முன்புறம் திருப்பி நுண்ணிய உளிகளால் கண்ணும் இதழும் விரலும் வருமாறு தட்டுகிறார்கள். உளி ஓர் இழை ஆழமாக இறங்கினால் தகடு கிழிந்துவிடும். நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரியில் கெம்பும் பச்சையும் பதித்துக் கோயில் நகை செய்யும் தொழில் பரம்பரையாக நடந்து வருகிறது. புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்திருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற கடைகள் 'சுவாமி' வேலை என்ற பெயரில் தெய்வ உருவங்களைக் கைக்காப்பிலும் மார்பு ஊசியிலும் நெருக்கமாகப் பதித்து விற்றன. 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்து சென்ற காலத்தை ஒட்டி அவற்றுக்கு இங்கிலாந்திலும் மோகம் உண்டாயிற்று. வேலைப்பாடு உயர்ந்ததே, ஆயினும் எந்தத் தெய்வம் உடலின் எந்த இடத்துக்கு உரியது என்ற விசாரணை அங்கே முதன்முறையாகத் தளர்ந்தது.

இன்றைய நகைக்கடைகளில் அந்தத் தளர்ச்சி பெருகியிருக்கிறது. கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து வார்க்கும் முறையால், தசாவதாரம் முழுவதையும் ஒரே ஆரத்தில் அடக்குவதும், ராமர் பட்டாபிஷேகத்தைப் பதக்கமாக்குவதும் எளிதாகிவிட்டன. பழமையின் மீது மக்களுக்கு மீண்டும் பற்று பிறந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. சிறு எடையில் ஒரு லட்சுமிக் காசையாவது ஏழைப் பெண்ணும் அணிய முடிவது அதனினும் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் வார்ப்பில் பிறந்த ஆயிரம் முகங்களும் ஒரே முகமாக இருப்பதையும், கழுத்தின் வளைவை நோக்காமல் சுவரில் மாட்டும் படத்தைச் சுருக்கியது போலப் பதக்கங்கள் தட்டையாய்த் தொங்குவதையும் எவ்வாறு ரசிப்பது? புதிய வடிவமைப்பாளர்களில் சிலர் வேலின் இலையை மட்டும் காதணியாக்கியும், மயிலின் கழுத்தை மட்டும் வளையில் வளைத்தும் முருகனை உணர்த்துகிறார்கள். உருவத்தைக் குறைத்துக் குறிப்பால் பேசும் அவர்களது வேலையே, ஐம்படைத்தாலி செய்த கைகளுக்கு அதிக நெருக்கமானதென்று எனக்குத் தோன்றுகிறது.