பாம்பன் கரையில் பாக்கெட் ரேடியோ: அமைத்துப் பார்த்த அனுபவம்

துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டுகளில் கடைசி, 11ஆம் எண். வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். பாம்பன்காரர்களுக்கு இது ஏட்டில் மட்டும் உள்ள சங்கதி அல்ல. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோன செய்தி வெளியே எட்டவே நேரம் பிடித்தது. இன்று செல்போன் கோபுரங்கள் இருக்கின்றன. கரன்ட் போய் ஜெனரேட்டரில் டீசலும் தீர்ந்தால் அவையும் ஊமைதான். அந்த நேரத்தில் ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் உள்ளவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? அதைப் பார்க்கத்தான் இந்தச் சிறு வலையை அமைத்தேன்.

பாக்கெட் ரேடியோ புதிதல்ல. 1978இல் மான்ட்ரியல் ஹாம்கள் தொடங்கிவைத்தது. எழுத்துகளைச் சிறு பொட்டலங்களாக்கி, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாற்றி, சாதாரண வயர்லெஸ் கருவி வழியே அனுப்புவது. வேகம் நொடிக்கு 1200 பிட். படம் அனுப்ப ஏற்றதல்ல. நூறு எழுத்துச் செய்தி ஓரிரு நொடியில் போய்விடும். ஒரு பிட் பிசகினாலும் மறுமுனை அந்தப் பொட்டலத்தை ஏற்காது. ஒப்புகை வரும்வரை கருவி திரும்ப அனுப்பும். இதன் மதிப்பே அங்கேதான். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் ஹாம் ரேடியோ வழியே செய்த சேவையை நாடே அறியும். அதுபோன்ற அவசரத்துக்குக் குரலே போதும். ஆனால் முகாமில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலையும் மருந்துக் கணக்கையும் இரைச்சலுக்கு நடுவே வாசித்து, எதிரே ஒருவர் எழுதிக்கொள்ளும்போது இன்சுலின் எண்ணிக்கை 12ஆ 20ஆ என்று குழம்பும். பாக்கெட்டில் வந்துசேர்ந்தது அனுப்பியதேதான்.

முன்பெல்லாம் இதற்கு டிஎன்சி என்ற தனிப் பெட்டி வாங்க வேண்டும். இப்போது டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளே அந்த வேலையைச் செய்கிறது. ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற சிறு கணினி, யூஎஸ்பி சவுண்ட் கார்டு, 144–146 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கைக்கருவி, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா. இவ்வளவுதான். டயர்வுல்ஃபை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் ஒலி அளவைத் திரையில் எண்ணாகக் காட்டும். 50ஐ ஒட்டி வரும்படி வால்யூமைத் திருகினால் போதும். பலவீனமான சிக்னலையும் விடாமல் பிடிக்கிறது.

சங்கடம் கைக்கருவியில். நான் சோதித்த மலிவான சீனக் கருவியில், ஒலி வந்தால் தானாக அனுப்பத் தொடங்கும் வாக்ஸ் வசதியை நம்பவே கூடாது. அது விழித்துக்கொள்வதற்குள் பொட்டலத்தின் தலைப்பகுதி போய்விடுகிறது. ஒரு டிரான்சிஸ்டரும் ரெசிஸ்டரும் வைத்து, ராஸ்பெர்ரி பையின் இணைப்பு ஊசியிலிருந்தே பிடிடியை (அனுப்பும் பொத்தானை) அழுத்தும்படி ஒயர் சாலிடர் செய்த பிறகுதான் ஒழுங்காக ஓடியது. இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச்சை முழுக்கத் திறந்து வைப்பதும் அவசியம்.

பாம்பன் தீவு தட்டையானது. 10 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கும் கையில் பிடித்த கருவிக்கும் இடையே கணக்குப்படி 18 கிலோமீட்டர் வரை நேர்கோட்டுப் பார்வை உண்டு. பாம்பனிலிருந்து அனுப்பியது கடல் தாண்டி மண்டபம் கரையில் சுத்தமாக வந்தது. தங்கச்சிமடம் தென்னந்தோப்புக்குள் கைக்கருவியோடு நின்றால் பாதிக்குப் பாதி தொலைகிறது. அங்கேயே ஒரு மாடியில் ஆன்டெனா வைத்தால் சரியாகிவிடுகிறது. ராமேசுவரத்துக்கு எட்ட, நடுவில் ஒரு டிஜிபீட்டர் (கேட்ட பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும் நிலையம்) வைப்பதே நம்பகமானது. தீவில் இலங்கை எஃப்எம் கேட்கும் எவருக்கும் தெரியும், நீர்ப்பரப்பின் மேல் அலைகள் சில நாள் வெகுதூரம் போகும். அதை நம்பி வலை அமைக்கக் கூடாது.

இந்தக் கரையின் உண்மையான எதிரி உப்பு. வாடைக்காற்று ஒரு சுற்று அடித்த பிறகு ஆன்டெனா கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் போட்டால் தாக்குப்பிடிக்கிறது. ராஸ்பெர்ரி பையும் கைக்கருவியும் சேர்ந்து இரண்டு வாட் அளவில்தான் எடுக்கின்றன. பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிடாமலே இருபது மணி நேரம் வரை ஓட்டலாம். சிறு சோலார் தகடு இருந்தால் இன்னும் நல்லது.

மீனவ நண்பர்கள் கேட்பது, இதைப் படகில் வைக்கலாமா என்று. வேண்டாம். ஹாம் அலைவரிசை உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும், தொழிலுக்கு அல்ல. கடலில் உயிர் காக்க மெரைன் விஎச்எஃப் 16ஆம் சேனலும் இஸ்ரோவின் ஆபத்துக்கால டிரான்ஸ்மிட்டரும்தான். கரையில் தகவல் சொல்ல 2016 முதல் கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறது, அது ஊருக்குப் பேசுகிறது. பாக்கெட் வலை, கிராமத்திலிருந்து தாலுகா அலுவலகத்துக்கு எழுத்தில் திரும்பப் பேசுவதற்கு.

செய்திகளைச் சங்கேதமாக்க அனுமதி இல்லை. யாரும் படிக்கலாம், நோயாளி விவரம் அனுப்பும்போது இதை மறக்கக் கூடாது. கடற்படைக் கண்காணிப்புள்ள கரை என்பதால் உரிமத்தின் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். டிஜிபீட்டரை நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே இயக்கினேன்.

வாங்கலாமா என்றால், கருவிக்கு முன் ஆள் வேண்டும். மண்டபம், தங்கச்சிமடம், ராமேசுவரத்தில் தலா இருவராவது ஹாம் தேர்வு எழுதட்டும். பிறகு பணத்தை விலையுயர்ந்த ரேடியோவில் போடாமல் நல்ல கேபிளிலும் ஆன்டெனாவிலும் போடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் கனெக்டர்களை ஒருமுறை கழற்றிப் பார்த்துவிடுங்கள்.