ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும்: ‘கிங்ஸ்பெரி’ பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் புலமை வரலாற்றிலே இடம்பெறும் ஆங்கிலப் பெயர்களை மதமாற்றத்தின் அடையாளங்களாக மட்டும் காணும் போக்கு எம்மிடையே நிலவி வருகின்றது. அப்பெயர்களின் சமூக அடித்தளத்தை இப்போக்கு மறைத்துவிடுகின்றது என்பதே எமது கருத்தாகும்.

பழந்தமிழ் நூற் பதிப்பாசிரியரான சி. வை. தாமோதரம்பிள்ளையின் (1832-1901) மகன் அழகசுந்தரம், கிறித்தவரானபின் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என வழங்கப்பட்டார். கிங்ஸ்பெரி என்பது முதற்கண் ஓர் ஊர்ப்பெயர். பழைய ஆங்கிலத்தில் அரண்சூழ்ந்த இடத்தைக் குறித்த ‘புர்ஹ்’ என்னும் சொல்லே ‘பெரி’ எனத் திரிந்தது. எமது ஊர்ப்பெயர்களில் வரும் ‘கோட்டை’யோடு இதனை ஒப்பிடலாம். இலண்டனின் வடமேற்கிலுள்ள கிங்ஸ்பெரி ‘அரசனது அரண்’ எனப் பொருள்படும். வாரிக்ஷயரிலுள்ள கிங்ஸ்பெரியோ, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டில் காணப்படும் வடிவத்தைக்கொண்டு, ‘கினே என்பவனது அரண்’ என விளக்கப்படுகின்றது. ஓசை ஒன்றாயினும் வேர் இரண்டு. இன்றைய ஓசையை மட்டும் சான்றாகக்கொண்டு ஊர்ப்பெயர்களுக்கு உரிமை கோருவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

ஊர்விட்டுப் பெயர்ந்தவனை அவனது ஊராற் சுட்டிய வழக்கு, இடைக்கால இங்கிலாந்தில் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயராக இறுகியது. குடியேறியோருடன் அது அமெரிக்காவையும் அடைந்தது. 1816இல் யாழ்ப்பாணத்திற் பணிதொடங்கிய அமெரிக்க மிஷனுக்கு அப்பெயர் புதிதன்று. 1817இல் செரோக்கி மக்களிடையே பணியாற்றச் சென்ற சைரஸ் கிங்ஸ்பெரி அதே சபையைச் சேர்ந்தவர். 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியில், மாணவரின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் அம்மாணவர்க்குச் சூட்டப்பட்டன. பணம் கொடுத்தவனே பெயரும் கொடுத்தான். எனவே, இத்தகைய பெயர்களிற் சமயத்தோடு புரவலன்-பயனாளி உறவும் பதிந்துள்ளது.

அச்செமினரியிற் கற்ற தாமோதரம்பிள்ளையின் பெயரிலும் ஓர் ஊர் உண்டு. ‘சி. வை.’ என்பதைச் சிறுப்பிட்டி வைரவநாதர் என விரிப்பர். தமிழ் வழக்கில் முன்னெழுத்தாக நிற்கும் ஊர், வாழ்ந்த நிலத்தைச் சுட்டுவது. மகனது பெயரிலுள்ள ஊரிலோ அவருக்கு ஒரு பரப்புக் காணியும் இருந்ததில்லை. நிலத்தினின்று முற்றாக அறுந்த ஊர்ப்பெயர் அது.

எனினும், பெயரைக்கொண்டு மனிதரை அளவிடுதல் தவறு. ஜி. ஈ. பிலிப்ஸுடன் இணைந்து சைவ அடியார்களின் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து 1921இல் வெளியிட்டவர் இதே கிங்ஸ்பெரி. சூட்டிக்கொண்ட பெயர் அந்நியமாயினும், ஆற்றிய பணி தமிழ்ப்பணியே. பெயரின் வரலாற்றைச் சமூக உறவுகளிலே தேடுவதும், புலவரின் இடத்தை அவரது ஆக்கங்களிலே தேடுவதும் ஆய்வாளரின் கடன்களாகும். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தீர்மானித்தல் ஆய்வாகாது.