ஐந்து டாலரும் அரைக் கிலோ பால்கோவாவும்

இலவசமாகக் காசு கொடுத்தால் வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ரசிகர்களிடம் கேட்கப்பட்டது இதுதான்: உங்கள் அணி தோற்றால் உங்களுக்கு 5 டாலர் தருகிறோம், ஜெயித்தால் ஒன்றும் கிடையாது, நீங்கள் கையிலிருந்து எதுவும் போட வேண்டாம். 45 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுத்துவிட்டார்கள்.

கேரி மோர்வெட்ஜ், சிமோன் டாங், ரிச்சர்ட் லாரிக் என்ற மூவர் எழுதி, 'மேனேஜ்மென்ட் சயின்ஸ்' இதழில் 2018-ல் வந்த கட்டுரை அது. கூடைப்பந்து, பேஸ்பால், அமெரிக்க ஃபுட்பால், ஹாக்கி, கூடவே ஜனாதிபதித் தேர்தல் என்று பல களங்களில் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நமக்குப் பிடித்த அணிக்கு எதிராகப் பந்தயம் கட்டினால் அணி தோற்றாலும் கையில் காசு வந்து துக்கத்தைக் கொஞ்சம் ஆற்றும். அப்படியிருந்தும் ஏன் ஆட்கள் கட்டுவதில்லை?

இந்தக் கட்டுரையை நான் முதலில் வாசித்தபோது ரொம்பப் பிடித்தது. இப்போதும் நல்ல கட்டுரை என்றுதான் சொல்வேன். ஆனால் போன ஐபிஎல் சீசனில் இதை நம்பி நான் ஒரு காரியம் செய்தேன். அதனால் இதை விமர்சிக்கும் தகுதி எனக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். தகுதி குறைந்திருக்கிறது என்றும் நீங்கள் சொல்லலாம்.

முதலில் கருத்து என்ன என்று பார்த்துவிடலாம். ராஜபாளையத்துக்காரனுக்கு இதைப் புரியவைக்கப் பருத்தி போதும். ஒரு மில்லில் மூன்று மாதத்துக்கான பஞ்சு இருப்பு இருக்கிறது. விலை இறங்கினால் இருப்பின் மதிப்பு போச்சு. அதனால் மில்காரர் முன்பேரச் சந்தையில் அதே அளவுக்கு விற்று வைக்கிறார். விலை இறங்கினால் கிடங்கில் நஷ்டம், சந்தையில் லாபம். ஏறினால் அப்படியே தலைகீழ். எது நடந்தாலும் ராத்திரி தூக்கம் வரும். இதற்குப் பெயர்தான் ஹெட்ஜிங். அதையே மனசுக்கும் செய்தால் என்ன என்பதுதான் கட்டுரையின் கேள்வி.

ஆட்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பதற்குச் சட்டென்று தோன்றும் பதில், 'நம்ம டீம் ஜெயிச்சுரும்னு நம்புறாங்க, அதான்' என்பது. இது தப்பு என்று சோதித்துக் காட்டுகிறார்கள். கட்டுரையிலேயே பலமான பகுதி அதுதான். தோற்கும் என்று தெரிந்தவர்களும் மறுக்கிறார்கள். ஹெட்ஜிங் என்றாலே ஆகாது என்பதும் காரணமில்லை, ஏனென்றால் தங்களோடு ஒட்டாத விஷயங்களில் அதே ஆட்கள் தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் காரணம் அடையாளம். எதிராகப் பந்தயம் கட்டினால் 'நான் உண்மையான ரசிகன் இல்லையோ' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதாகிவிடும். அந்தச் செலவு 5 டாலரைவிடப் பெரியது. தொகையைக் கூட்டினால் இன்னும் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள் என்பதும் இதோடு பொருந்துகிறது.

இனி என் கதை.

2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் என்ன ஆட்டம் ஆடியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மார்ச் 23 அன்று மும்பையை ஜெயித்ததோடு சரி. மார்ச் 28-ல் சேப்பாக்கத்தில் பெங்களூரு வந்து 50 ரன்னில் ஜெயித்தது. 2008-க்கு அப்புறம் அந்த மைதானத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. இரண்டு நாளில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. நான் 2008-லிருந்து பார்க்கிறவன். 2015-ல் லோதா கமிட்டி இரண்டு வருஷம் தடை போட்டபோதுகூடப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மனைவியின் தம்பி இருக்கிறான். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வெறிபிடித்த சிஎஸ்கே ரசிகன். ஏப்ரல் 5, டெல்லியோடு ஆட்டம் நடந்த அன்று அவனிடம் சொன்னேன்: "இனிமே மேட்சுக்கு அரைக் கிலோ பால்கோவா. சிஎஸ்கே தோத்தா நீ குடு. ஜெயிச்சா நான் குடுக்கேன்." அவன் ஒரு நிமிஷம் என்னை வினோதமாகப் பார்த்தான். அப்புறம் ஒத்துக்கொண்டான். கட்டுரையை என் மேலேயே சோதித்துப் பார்க்கிற உத்தேசம்.

டெல்லி 25 ரன்னில் ஜெயித்தது. பால்கோவா வந்தது. 8-ஆம் தேதி பஞ்சாப் 18 ரன்னில் ஜெயித்தது. பால்கோவா வந்தது. 11-ஆம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். அவர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டார்கள். தொடர்ந்து ஐந்து தோல்வி, சிஎஸ்கே வரலாற்றில் முதல்முறை. அன்று ராத்திரி மாப்ள பாக்ஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "நீங்க மட்டும் எப்படி மச்சான் இவ்ளோ கூலா இருக்கீங்க?" என்றான்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். பருத்தி, முன்பேரம், மோர்வெட்ஜ் எல்லாம் வந்தது. பேப்பரில் கட்டம்கூடப் போட்டுக் காட்டினேன்.

14-ஆம் தேதி சித்திரை ஒன்று. லக்னோவில் ஆட்டம். லக்னோ 166 எடுத்தது. தோனி 11 பந்தில் 26, துபே 43, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. மூன்று பந்து மீதி இருக்கையில் ஜெயித்தோம். நான் கைதட்டினேன். ஆனால் கைதட்டுகிறபோதே மனசுக்குள் ஒருவன் 'அரைக் கிலோ' என்று கணக்குப் போட்டான். எத்தனை ரூபாய் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை, தொகை அவ்வளவு அற்பம். ஆனாலும் அந்தக் கணக்கு கடைசி இரண்டு ஓவர் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தது. பதினேழு வருஷத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்குக் கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை ஆண்டாள் கோயில் பக்கத்திலேயே வாங்கிக்கொண்டு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் மாப்ள சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னான். சீட்டுப் பணம் 20,000 ரூபாயை ஏதோ ஒரு ஆப்பில் லக்னோ மேல் போட்டிருக்கிறான். "ஊரே வெடி போட்டுச்சு. ஜெயிச்ச அன்னைக்கு அழுதவன் நான் ஒருத்தன்தான் மச்சான்."

தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாதிரி ஆப்பில் பந்தயம் கட்டுவது குற்றம் என்று அவனுக்கும் தெரியும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு மொத்தமாகத் தடை செய்தது அப்புறம்தான், 2025 ஆகஸ்டில். அவனைச் சொல்லி என்ன, கட்டம் போட்டுக் காட்டியது நான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கட்டுரையை மறுபடி எடுத்தேன்.

முதல் குறை ரொம்ப எளியது. ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த பந்தயம் இலவசம். நிஜ உலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் பந்தயம் ஒன்றே ஒன்றுதான், ஆப்பில் புதிதாகச் சேர்கிறவனுக்குக் கொடுக்கும் போனஸ். அது ஏன் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். மற்றதெல்லாம் காசு. சமபலமுள்ள இரண்டு அணிக்கு இரண்டு பக்கமும் 1.90 என்று விலை வைத்தால், இரண்டிலும் நூறு நூறு போட்டவனுக்கு 190 திரும்பும், 10 ரூபாய் கடைக்காரனுக்கு. அதோடு, தொடர்ந்து தோற்கும் அணிக்கு எதிராகக் கட்ட எல்லோருக்கும் தோன்றுமே! அந்தத் தோல்விகள் ஏற்கனவே விலையில் ஏறியிருக்கும். எதிரணிக்கு 1.60 என்றால் நூறு ரூபாய்க்கு 60 ரூபாய்தான் லாபம், ஆனால் போனால் நூறும் போகும். துக்கத்துக்கு இன்சூரன்ஸ் வாங்கப் போனால், துக்கம் அதிகமாக இருக்கும் காலத்தில்தான் பிரீமியமும் அதிகம். ஐந்து தோல்விக்குப் பிறகு ஆறாவதும் உறுதி என்று நினைத்துப் போட்ட மாப்ளைக்கு இந்த விலை கண்ணில் படவே இல்லை. நானும் கட்டத்தில் அதைப் போடவில்லை.

இரண்டாவது குறை, நான் அந்தக் கடைசி இரண்டு ஓவரில் கண்டது. பஞ்சில் நஷ்டமும் ரூபாய், லாபமும் ரூபாய், அதனால் ஒன்றை ஒன்று கழிக்கும். ரசிகனின் நஷ்டம் ரூபாயில் இல்லை. அவன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிறான், அந்தப் பார்வைதான் அவன் வைத்திருக்கும் சொத்து. பந்தயம் அந்தச் சொத்தை ஈடு செய்வதில்லை, அதையே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. இருப்பைக் காப்பாற்றப் போய் கிடங்கில் தண்ணீரை ஊற்றிய கதை. கட்டுரையின் கவனம் பந்தயத்தை ஏற்கிறானா மறுக்கிறானா என்ற அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது. ஏற்றுக்கொண்டவன் ஆட்டத்தை எப்படிப் பார்த்தான் என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல்.

மூன்றாவதுதான் முக்கியம். இதற்கு நான் கூடைப்பந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

டொரொண்டோ ராப்டர்ஸ் என்ற என்பிஏ அணி 2023-24 சீசனில் 82 ஆட்டங்களில் 25-ல்தான் ஜெயித்தது. நம்ம சிஎஸ்கே மாதிரி ஒரு சீசன். அந்த அணியில் ஆடிய ஜான்டே போர்ட்டரை 2024 ஏப்ரலில் என்பிஏ ஆயுள் தடை செய்தது. பந்தயம் கட்டுகிறவர்களுக்கு உள்தகவல் கொடுத்தது, பந்தயத்துக்காக ஆட்டத்திலிருந்து பாதியில் விலகியது என்று குற்றங்கள். இன்னொருவர் கணக்கில் அவர் என்பிஏ ஆட்டங்கள் மீது 13 பந்தயமாவது கட்டியிருந்தார். அவற்றில் மூன்று, பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் கூட்டுப் பந்தயங்கள். அந்த மூன்றிலும் ராப்டர்ஸ் தோற்கும் என்பது ஒரு கண்ணி. அந்த ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. மூன்று பந்தயமும் தோற்றுப்போயின. (இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு மாப்ள ஞாபகம் வந்தது. சிரிக்கவும் முடியவில்லை.)

போர்ட்டர் செய்தது ஏன் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. அணிக்குள் இருப்பவன் அணியின் தோல்வியில் லாபம் பார்க்கக் கூடாது. சிஎஸ்கே தடையின் பின்னாலும் இதே விதிதான், குருநாத் மெய்யப்பன் அணிக்குள் இருந்துகொண்டு பந்தயம் கட்டினார் என்பதுதான் விவகாரம். ரசிகனுக்கு இந்த விதி கிடையாது, அவனால் ஆட்டத்தை மாற்ற முடியாது என்பதால். பொருளாதாரத்தின்படி இது சரி.

ஆனால் ரசிகன் அப்படி நினைக்கிறானா? தோனி ஆடும்போது எங்கள் வீட்டில் யாரும் இடம் மாறக் கூடாது. என் அம்மா அடுப்படிக்குப் போனால் விக்கெட் விழும் என்பது குடும்ப சாஸ்திரம். மறுநாள் டீக்கடையில் 'அவங்க ஜெயிச்சாங்க' என்று யாரும் சொல்வதில்லை, 'நாம ஜெயிச்சுட்டோம்' என்பார்கள். 'நாம' என்று சொல்கிறவன் தன்னை அணிக்குள் வைத்திருக்கிறான். அணிக்குள் இருப்பவனுக்கான விதியை அவன் தனக்கும் போட்டுக்கொள்கிறான். 5 டாலரை மறுக்கிறவன் தன்னைப் பற்றிய படத்தைப் பாதுகாக்கிறான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு ஊழியன் லஞ்சத்தை மறுப்பது மாதிரி தெரிகிறது. லஞ்சம் வாங்காத குமாஸ்தாவிடம் போய், 'நீ உன் அடையாளத்தைப் பேணுகிறாய்' என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்? பக்கத்து மேசைக்காரர்களுக்கு நான் பதில் சொல்லணும்பா என்பார்.

நியாயமாகச் சொன்னால், கட்டுரைச் சுருக்கத்தின் கடைசியில் பிறருக்கான கடப்பாடு என்ற எண்ணமும் தலைகாட்டுகிறது. துரோகத்தில் விருப்பமின்மை என்கிற மாதிரி ஒரு பெயரும் வைக்கிறார்கள். ஆனால் இதை முரண்பாடான முடிவுகளின் பட்டியலில்தான் சேர்க்கிறார்கள். 45 சதவீதம் பேர் ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் அதற்குப் பெயர் முரண்பாடா?

என் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. தொகையைக் கூட்டினால் ஏன் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்? லஞ்சத்துக்கும் அப்படித்தானே என்று நான் சொல்லிவிடலாம், ஆனால் அது அவர்கள் விளக்கத்துக்கும் சரியாகப் பொருந்துகிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டுமானால், யாருக்கும் தெரியாமல் தனியாகப் பார்க்கிறவனையும், பத்துப் பேரோடு உட்கார்ந்து பார்க்கிறவனையும் ஒப்பிட வேண்டும்.

மே 25. கடைசி ஆட்டம், குஜராத்தோடு. சிஎஸ்கே கடைசி இடம் என்பது அதற்குள் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. மாப்ள ராஜபாளையம் வந்திருந்தான். சீட்டுப் பணத்தில் பாதியை நான் கட்டியிருந்தேன், அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. டாஸுக்கு முன்னால் அவனிடம் கேட்டேன், "சிஎஸ்கே தோத்தா உனக்கு 500 ரூபா தாரேன். ஜெயிச்சா நீ ஒண்ணும் தர வேணாம். சும்மா."

"வேணாம்."

"ஏன்டா? ரசிகன்கிற பேரு போயிரும்னா?"

"அதெல்லாம் இல்ல. ஜெயிச்சா உங்களுக்கு 500 மிச்சம்னு நீங்க சந்தோஷப்படுவீங்கள்ல, அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கல."

இந்த பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. சிஎஸ்கே 230 அடித்து 83 ரன்னில் ஜெயித்தது. அம்மா கடைசி விக்கெட் விழும்வரை அடுப்படிக்குப் போகவில்லை.