வேடமும் அறமும்: சுபோத் கோஷின் ‘பஹுரூபி’ சிறுகதையை முன்வைத்து

முன்னுரை

வேடம் என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. கூத்தர் புனையும் ஒப்பனைக் கோலமும் வேடம். திருநீறு, சடை முதலாய அடியார்தம் புறச்சின்னமும் வேடம். உருமாறி நடித்துப் பொருள் பெறுவோரின் தொழிலைக் குறித்த ‘பகல்வேடம்’ என்னும் சொல் இன்று வஞ்சகத்தின் பெயராக வழங்குகிறது. இத்தகைய வேடக்காரர் வங்காளத்தில் பஹுரூபி எனப்படுவர். அவருள் ஒருவரை மையமாக வைத்துச் சுபோத் கோஷ் (1909-1980) எழுதிய ‘பஹுரூபி’ என்னும் சிறுகதையைத் தமிழ் மரபின் வேடக் கருத்தோடு ஒப்பிட்டு, வேடம் புனைவோனைக் கட்டுப்படுத்தும் அறம் யாது என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொலைக்காட்சிப் பாத்திரங்களைப் போல உருமாறும் இக்கால வழக்கும் இவ்வொப்பீட்டின் வழி மதிப்பிடப்படுகிறது.

கொல்கத்தாவின் வேட மரபு

கொல்கத்தாவின் பங்குனி இறுதி விழாவாகிய சடக் விழாவைக் காளிபிரசன்ன சிம்ஹா 1862இல் வெளிவந்த தம் அங்கத நூலில் விரிவாகச் சித்திரித்துள்ளார். அவ்விழாக் காலத்தில் ஜேலேபாரா பகுதியிலிருந்து புறப்பட்ட வேட ஊர்வலங்கள் ஊர்ப் பெரியோரை எள்ளி நகையாடின. சம்பு மித்ரா முதலியோர் 1948இல் அந்நகரில் தோற்றுவித்த நாடகக் குழு ‘பஹுரூபி’ என்றே பெயர் பூண்டது. சரத்சந்திரரின் ‘ஸ்ரீகாந்தன்’ நாவலின் முதற்பகுதியில் (1917) புலிவேடமிட்ட பஹுரூபி ஒருவன் ஒரு வீட்டாரை நடுங்கச் செய்கிறான். அங்கு வேடம் நகைச்சுவைக்கு நிலைக்களன். கொல்கத்தாவின் ஆனந்த பஜார் பத்திரிகையில் பணியாற்றிய சுபோத் கோஷின் கதையிலோ அது அறச்சிக்கலாக வளர்கிறது.

ஹரியின் வேடங்கள்

கதைத்தலைவன் ஹரி, கதைசொல்லி அவனை ‘ஹரிதா’, அதாவது ஹரி அண்ணன் என்கிறான். கடிகாரத்திற்குக் கட்டுப்பட்ட வேலை அவனுக்கு ஒவ்வாது. அவன் அடுப்பில் சில நாள் நீர் மட்டுமே கொதிக்கும், அரிசி இராது. பித்தன், நாட்டிய மங்கை, காவலன் எனப் பல கோலம் புனைந்து, காண்போர் தரும் சில்லறையால் வாழ்கிறான்.

ஊர்ச் செல்வர் ஜகதீஷ்பாபு தம் இல்லத்திற்கு வந்த இமயத்துத் துறவி ஒருவருக்கு நூறு ரூபாய் அளித்ததைக் கேள்வியுற்ற ஹரி, ஓரிரவு துறவியாக அங்குச் செல்கிறான். சடை இல்லை, காவி இல்லை, கமண்டலம் இல்லை. வெள்ளாடையும் கீதை ஒன்று இருந்த பையுமே அவன் ஒப்பனை. ஜகதீஷ்பாபு நூற்றொரு ரூபாயை நீட்டுகிறார். ஹரி அதைத் தீண்டாது திரும்புகிறான். பெற்றுக்கொண்டால் தன் வேடம் கெட்டுவிடும் என்பதே நண்பர்க்கு அவன் கூறும் விளக்கம். பின்னொரு நாள் சென்று வேடக்காரனுக்குரிய சிறு வெகுமதியைக் கேட்பதாகவும் கூறுகிறான். காணிக்கை துறவிக்குரியது, கூலி கலைஞனுக்குரியது என்னும் பாகுபாடு இங்குத் தெளிவாகிறது.

இதனை நேர்மையின் வெற்றி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. முன்பு காவலன் வேடத்தில் மாணவர் சிலரைப் பிடித்துவைத்த ஹரி, அவரை விடுவிக்க வந்த ஆசிரியரிடம் எட்டணா கையூட்டுப் பெற்றவன். இரு செயலும் முரண்பட்டனபோல் தோன்றினும் விதி ஒன்றே. அவன் புனைந்த காவலன் கைநீட்டுவான். அவன் புனைந்த துறவி கைநீட்டான். வேடத்தின் இயல்பை மீறாமை என்னும் கலைவிதியே துறவுக் கோலத்தில் அறமாக மாறுகிறது. மெய்த்துறவி நூறு ரூபாயை ஏற்க, பொய்த்துறவி நூற்றொன்றை மறுத்தான் என்னும் முரணிலேயே கதையின் வன்மை அமைந்துள்ளது.

மெய்ப்பொருளாரும் ஹரியும்

பெரியபுராணத்தில் முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு, புத்தகக் கவளிகையுள் கருவியை மறைத்து வந்து மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். நாயனாரோ அவ்வேடத்தை மெய்யெனத் தொழுது, அவனைக் காத்து அனுப்புமாறு தத்தனைப் பணிக்கிறார். அங்கு வேடம் காண்போரைக் கட்டுப்படுத்துகிறது, புனைந்தோனைத் தீண்டவேயில்லை. ஹரியின் கதையில் காண்பவர் பொருளைக் கொடுத்து அமைதியுற முனைகிறார், புனைந்தவனே கட்டுப்படுகிறான். அவன் கொணர்ந்த பையிலும் நூல் உண்டு. ஆயின் அதனுள் வாள் இல்லை. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம் புலித்தோல் போர்த்து மேயும் பசுவைக் காட்டி இடித்துரைப்பது, தவவேடத்தைப் பயன்கருதிப் பூணும் இழிவையே. ஹரி அவ்விழிவுக்கு விலக்காகிறான்.

சின்னத்திரைச் சாயல்

பஹுரூபி புனைவது காவலன், துறவி போன்ற பொதுமைப் பாத்திரம். சின்னத்திரைப் பாத்திரத்தின் சாயலில் உருமாறுபவனுக்கோ மூலம் ஒரே முகம். கண், மீசை, அணிகலன் ஆகியவற்றின் ஒப்புமையே அளவுகோல். அம்முகத்தின் ஆற்றலுக்கு, தூர்தர்ஷனில் 1987-88இல் ஒளிபரப்பான இராமானந்த சாகரின் ‘இராமாயண்’ தக்க சான்றாகும். சீதையாக நடித்த தீபிகா சிக்லியா வடோதராவிலும், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்காண்டாவிலும் 1991இல் மக்களவைக்குத் தேர்வு பெற்றனர். இராமனாக நடித்த அருண் கோவில் 2024இல் மீரட்டில் வென்றார். அரசியற் காரணங்கள் பல இருப்பினும், சீதையும் இராவணனும் ஒரே தேர்தலில் வென்றமை கருதத்தக்கது. பாத்திரத்தின் பண்பைக் காட்டிலும் முகத்தின் அறிமுகமே அங்குப் பயன்பட்டது எனலாம். முகச்சாயலை மட்டும் நாடும் வேடம், ஹரியைக் கட்டுப்படுத்திய விதியை இழந்துவிடுகிறது.

முடிவுரை

ஹரி செய்தது பிழை என்றும் விதி அதனை மன்னிக்காது என்றுமே கதைசொல்லி கருதுகிறான். அக்கருத்தைத் திறனாய்வாளர் புறந்தள்ளலாகாது. ஹரியின் பசி மெய்யானது. நாட்டார் கலைஞரின் ஒப்பனை வகைகளையும் ஆட்ட முறைகளையும் தொகுத்து வகைப்படுத்தும் நம் ஆய்வுகள், அவர்தம் கூலியையும் அக்கறையுடன் ஆராய்தல் வேண்டும். கலைஞனுக்குரிய கூலி குறைவின்றிக் கிடைக்குமாயின், வேடத்தின் அறத்தைக் காக்க அவன் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.