எழுத்தின் தலையில் ஒரு சுழி

"தூ அய்ஸோர் யெகார்." தூ என்றால் நீ, அய்ஸோர் என்றால் இன்று, யெகார் என்றால் வந்தாய். பாடம் தொடங்கிய மூன்றாம் வாரம், இதைக் கேள்வியாக மாற்றச் சொன்னார் என் ஆசிரியை. யெரெவானில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அவர். வாரம் இரண்டு நாள் வீடியோ அழைப்பில் சொல்லித் தருகிறார். நான் கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டு, கேமராவில் நோட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார். "எந்தச் சொல்லைக் கேட்கிறாய்?" என்றார்.

ஆர்மேனியத்தில் கேள்விக்குறி வாக்கியத்தின் வாலில் தொங்குவதில்லை. எந்தச் சொல்லைப் பற்றிய ஐயமோ, அந்தச் சொல்லில் அழுத்தம் விழும் உயிரெழுத்தின் தலைமேல், சற்றே வலப்பக்கம் ஒதுங்கி, சின்னச் சுழியாக உட்கார்ந்துகொள்கிறது. 'தூ'வின் தலையில் சுழித்தால் வந்தது நீயா வேறு ஆளா என்று கேள்வி. 'அய்ஸோர்' தலையில் சுழித்தால் இன்றா நேற்றா என்று கேள்வி. 'யெகார்' மேல் போனால் வந்தாயா இல்லையா என்பது. சொற்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, இடமும் மாறவில்லை. சுழி மட்டும் தாவுகிறது.

இதைப் பார்த்து நான் திகைத்தது ஒரு நிமிடம்தான். நீயா இன்று வந்தாய், நீ இன்றா வந்தாய், நீ இன்று வந்தாயா. நம் வீட்டு 'ஆ' செய்கிற வேலையைத்தானே இந்தச் சுழி செய்கிறது! நாம் வாயால் ஒட்டுவதை அவர்கள் பேனாவால் ஒட்டுகிறார்கள். நாமோ 'ஆ'வையும் போட்டுவிட்டு, வாக்கியக் கடைசியில் ஆங்கிலேயர் விட்டுப்போன கொக்கியையும் மாட்டுகிறோம். அந்தக் கொக்கி நமக்கு எதற்கு என்று அன்று முதல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். அவர்களுடைய முற்றுப்புள்ளி நம் முக்காற்புள்ளியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு வாக்கியமும் இன்னும் எதையோ சொல்ல வருவது போலவே இருந்தது.

ஏன் ஆர்மேனியம் என்று கேட்காதவர்கள் இல்லை. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று ஒன்று இருக்கிறது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. 'ஆர்மேனியன்' என்பது நம் ஊர் நாக்கில் புரண்டு அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. அந்தத் தெருவில் 1772-இல் எழுந்த ஆர்மேனிய மாதா கோவில் இருக்கிறது. உள்ளே நுழைந்தால் தெருவின் இரைச்சல் சட்டென்று அறுந்துவிடும். முற்றத்தில் கல்லறைக் கற்கள். அவற்றின் மேல் நடக்க நேர்ந்தபோதுதான், மிதிப்பது இன்னதென்று வாசிக்கத் தெரியாமல் மிதிக்கிறோமே என்று உறுத்தியது. அந்தக் கற்களில் ஒன்றின் கீழ் பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோன்யான் உறங்குகிறார். ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது யெரெவானிலும் அல்ல, ஆர்மேனியர் பெருகி வாழ்ந்த இஸ்தான்புல்லிலும் அல்ல. நம் மதராஸில், இவர் கையால்.

எழுத்துக்கு வருவோம். முதலில் பார்க்கையில் பாதி எழுத்துக்கள் நிமிர்த்தி வைத்த டம்ளர், மீதிப் பாதி கவிழ்த்து வைத்த டம்ளர். ஒன்றுக்கு வலக்காலில் வால், ஒன்றுக்கு இடத்தோளில் கொக்கி. நிமிர்ந்த டம்ளர் 'ஸ'. அதற்கே ஒரு வால் முளைத்தால் 'அ'. ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு இது பெரிய கண்ணி. 'யு' என்று வாசிக்கக் கை நீளும் இடத்தில் 'ஸ' நிற்கும்.

மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்ற துறவி கி.பி. 405 வாக்கில் இவற்றை ஆக்கினார். அதுவரை அந்த மக்கள் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் எழுதி வந்தார்கள். அவர் தந்தவை 36 எழுத்து. இந்த 36-இல் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நம் 'க' ஒன்றாகவும் 'உ' இரண்டாகவும் நின்றது போல அங்கேயும் எழுத்தே எண். முதல் ஒன்பது எழுத்து 1 முதல் 9 வரை, அடுத்த ஒன்பது 10 முதல் 90 வரை, பிறகு நூறுகள், பிறகு ஆயிரங்கள். ஒன்பது நான்கு முப்பத்தாறு. மிச்சம் மீதி இல்லாமல் கட்டம் நிறைகிறது. பல நூற்றாண்டுக்குப் பிறகு கூடுதலாக இரண்டு எழுத்து வந்து சேர்ந்தபோது அவற்றுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை, வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன. அரிச்சுவடிக்கு அவர்கள் சொல் 'அய்புபென்'. முதல் எழுத்து அய்ப், இரண்டாவது பென், நடுவில் வரும் 'உ' என்பதற்கு 'உம்' என்று பொருள். அய்ப்பும் பென்னும். நாம் விஜயதசமியில் ஏடு தொடங்குவதைக் கொண்டாடுகிறோம். அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகள் அரிச்சுவடியைப் படித்து முடித்ததைக் கொண்டாடுகிறார்கள். மஷ்தோத்ஸின் கல்லறை இருக்கும் ஓஷகான் ஊருக்கு அழைத்துப் போவதும் உண்டு. முடித்ததற்கு விழா என்பதும் நல்ல யோசனைதான்.

அந்த 36-க்குள் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு ரகரங்கள். ஒன்று நாநுனி லேசாகத் தொட்டு நழுவும் ர. மற்றது நாக்கு அதிர்ந்து உருளும் ற. 'தார்' என்று மெல்லச் சொன்னால் 'கொண்டுபோ'. 'தாற்' என்று உருட்டினால் 'எழுத்து'. ஸேர் என்றால் அன்பு, ஸேற் என்றால் பால் வேற்றுமை. எழுத்தில் மட்டும் பேதம் வைத்துக்கொண்டு, பேச்சில் அரையையும் அறையையும் ஒன்றாக்கிவிட்டவர்கள் நம்மில் பெரும்பாலோர். கறியைக் கரியாக்காமல் சொல்லும் குமரிப் பக்கத்துப் பெரியவர் யாராவது ஆர்மேனியம் படிக்க உட்கார்ந்தால், அந்த ஒரு பாடத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். எனக்கு வாழைத்தாறுதான் கைகொடுத்தது. தார் மாலை, தாறு குலை என்று எழுதி மேசைமேல் ஒட்டி வைத்தேன். கூடவே ஒரு வேடிக்கை: 'ஸேற்' என்ற சொல் இருக்கிறதே தவிர, அந்த மொழியின் இலக்கணத்தில் ஆண்பால் பெண்பால் கிடையாது. அவன், அவள், அது மூன்றுக்கும் 'நா' ஒன்றே.

ஆனால் தமிழ் எங்கும் கைகொடுத்துவிடும் என்று இறுமாந்திருந்தவனை ஒரு ககரம் குப்புறத் தள்ளியது. நமக்கு ஒரு க. அவர்களுக்கு மூன்று. காகத்தின் கா போட்டுக் 'கார்' என்றால் தையல். காந்தியின் கா போட்டு, கடைசியில் ற உருட்டினால் ஆட்டுக்குட்டி. சாப்பாட்டை இந்தியில் 'கானா' என்பார்களே, அந்த மூச்சுடைய கா போட்டால் கல். ப, த, ச எல்லாவற்றிலும் இதே மும்மடிப்பு. ஒரு நாள் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொன்னார் ஆசிரியை. மலைச்சரிவில் கற்கள் மேய்கின்றன என்று விவரித்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தங்கள் நாட்டை ஹாயஸ்தான் என்று சொல்லும் ஆர்மேனியர்கள், விளையாட்டாகக் 'காரஸ்தான்', கல் நாடு, என்றும் சொல்லிக்கொள்வார்களாம். "நீ சொன்னதில் பெரிய தப்பில்லை" என்றார். பிறகு பயிற்சி. வாய்க்கு முன்னால் ஒரு பழைய பேருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். கல்லுக்குச் சீட்டு படபடக்க வேண்டும். தையலுக்கு அசையவே கூடாது, தொண்டையை அடைத்துக்கொண்டு சொடுக்கினாற்போல வர வேண்டும். இரண்டு மாதம் ஆகியும் என் தையலில் சீட்டு ஆடுகிறது.

லகரத்தின் கதை இன்னும் விநோதம். பழைய ஆர்மேனியத்தில் நம்மைப் போல இரண்டு லகரம் இருந்தன. அவற்றில் தடித்த லகரம் காலப்போக்கில் உள்ளே உள்ளே போய், வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் எழுமே, அந்த ஒலியாக மாறிவிட்டது. எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் நம் பவுல் அங்கே போகோஸ், லூக்கா அங்கே குகாஸ், லாசர் அங்கே கஸார். இந்தக் ககரங்களைத் தொண்டையில் கரகரத்துச் சொல்ல வேண்டும். வெனிஸ் நகரத்துக்கு எதிரே கடலில் புனித லாசர் தீவு என்றொரு சின்னத் தீவில் ஆர்மேனியத் துறவிகளின் மடம் இருக்கிறது. அவர்களுக்கு அது சூர்ப் கஸார். ஆங்கிலக் கவி பைரன் 1816-இல் அங்கே படகில் போய்வந்து ஆர்மேனியம் கற்றார். அந்த எழுத்து வரிசையை வாட்டர்லூ போரோடு ஒப்பிட்டு நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவரே அப்படி என்றால் எனக்கு என்ன வெட்கம்.

எழுதாமலே ஒலிக்கும் ஓர் உயிரும் உண்டு. ம்க்ர்திச் என்று ஒரு பெயர். எழுத்தில் முதல் நான்கும் மெய்கள், மூச்சுவிட இடமே இல்லை. வாயில் அது 'முகுர்திச்' என்று வழுக்கிக்கொண்டு போகிறது. இடையில் வரும் அந்த உகரம் முழு உகரம் ஆகாது, இதழ் குவியாது. நம் பண்டிதர்கள் குற்றியலுகரம் என்று பெயர் வைத்து அரை மாத்திரை கொடுத்தார்களே, ஏறக்குறைய அதேதான். அதற்கென்று தனி எழுத்தும் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சொல்லின் நடுவில் பெரும்பாலும் எழுதுவதில்லை. தெரிந்தவனுக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் குற்றுகரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது, இந்த மொழியில் நான் கண்ட நயங்களிலெல்லாம் பெரிய நயம். 'துன்' என்றால் வீடு. 'துனுஸ்' என்றால் என் வீடு, என் பக்கத்து வீடு. 'துனுத்' என்றால் உன் வீடு, உன் பக்கத்து வீடு. 'துனு' என்றால் அந்த வீடு. ஸ் என்னை ஒட்டியது, த் உன்னை ஒட்டியது, மூன்றாவது இருவரையும் விட்டுத் தள்ளியது. உயிரில் முடியும் சொல்லானால் அந்த மூன்றாவது ன் ஆகிவிடும். சுட்டுச் சொற்களும் அப்படியே: அய்ஸ், அய்த், அய்ன். இதை விளக்க ஆசிரியை பெரும்பாடு பட்டார். தம் மேசை, என் மேசை, சன்னலுக்கு வெளியே மலை என்று மூன்றையும் காட்டிக் காட்டிச் சொன்னார். எனக்கோ அவர் முதல் முறை சொன்னபோதே யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் காதில் வந்துவிட்டார். இது, உது, அது. தொலைபேசியில் "உங்கை மழையோ?" என்று கேட்பார் அவர். அந்த 'உ' என் பக்கத்தைக் குறிக்கிறது என்பதே எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. தமிழ்நாட்டில் நாம் தொலைத்துவிட்ட நடுச்சுட்டு ஈழத்தில் உயிரோடு இருக்கிறது, அராரத் மலையடிவாரத்திலும் இருக்கிறது. இரண்டு மொழிக்கும் உறவு ஏதும் கிடையாது. ஆர்மேனியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக்கிளை. 'அய்ஸோர்' என்ற சொல்லும் இப்போதுதான் பிரிந்தது. அய்ஸ் இந்த, ஓர் நாள். இந்நாள்.

அந்த உன்பக்கத்துத் 'த்' இருக்கிறதே, அதை முழுதாகக் கேட்டது ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்தபோது. குரல் கம்மியிருந்தது. பாடத்தைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். ஆசிரியை "த்ஸாவுத் தானெம்" என்றார். த்ஸாவ் என்றால் வலி. அதோடு ஒட்டிய த், உன்னுடையது. தானெம், நான் கொண்டுபோகட்டும். உன் வலியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆர்மேனியாவில் காய்கறிக்காரி முதல் பாட்டி வரை வாய்க்கு வாய் சொல்லும் சொல்தான். என் அம்மா பேரனின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கிச் சொடுக்குவது நினைவுக்கு வந்தது. அவள் கையால் செய்வதற்கு அங்கே இலக்கணம் இருக்கிறது. 'தானெம்' எந்த வினையிலிருந்து வந்தது என்று கேட்டேன். "தார் தெரியுமே உனக்கு, கொண்டுபோ! அதேதான்" என்றார்.

போன மாதம் மறுபடியும் அரண்மனைக்காரன் தெருவுக்குப் போனேன். மேற்கு வெயில். ஒரு கல் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். பெரிய எழுத்துக்கள். இந்த வடிவத்தை 'இரும்பெழுத்து' என்கிறார்கள் ஆர்மேனியர்கள். பழைய இலக்கிய மொழி, எனக்கு எட்டாது. தொடக்கத்தில் மூன்றே எழுத்து: வால் முளைத்த டம்ளர், நடுவில் யகரம், நிமிர்ந்த டம்ளர். விரலை வைத்துக் கூட்டினேன். அய்ஸ். அடுத்தது ஒற்றை எழுத்து, 'எ', ஆகும். அதற்கடுத்து 'தபான்', கல்லறை. இது கல்லறை ஆகும்.

'அய்ஸ்' என்பது சொல்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது. நான் வாசிக்கிறேன், கல் என் விரலடியில் இருக்கிறது. ஆனால் சொல்கிறவர் நான் இல்லையே. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.